சுவர் இருபத்தைந்து டிகிரி

நெருங்கி உட்காருங்க, இன்னும் கொஞ்சம். இது தள்ளி உட்கார்ந்தால் காதில் விழாத கதை. இதில் கத்துகிறவர் யாரும் கிடையாது. ஒருத்தி வாயை மூடிக்கொண்டு மனசுக்குள் கத்தின கத்தல்தான் மொத்தமும். அவள் பெயர் முத்தரசி. பாளையங்கோட்டைக்குத் தெற்கே ஒரு பொறியியல் கல்லூரி, அதன் மாடியில் ஆராய்ச்சி செய்கிற பிள்ளைகள் உட்காருகிற அறை, சித்திரை மாசத்து மத்தியானம். சாப்பிட்டுவிட்டு வந்து கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தவள், சார் மீட்டிங் முடிந்து வருகிற வரைக்கும் எழுந்திருக்கவே இல்லை. வெளியிலிருந்து பார்த்தால் அவ்வளவுதான் நடந்தது. திரையில் எண்கள் வரிவரியாக ஏறிப் போய்க்கொண்டிருந்தன, அவள் கன்னத்தில் கையை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். பார்த்தவர்கள் தூங்கி வழிகிறாள் என்றுதான் நினைத்திருப்பார்கள். உள்ளே உலைமூடி தட்டிக்கொண்டிருந்தது.

பேரை எடுத்துரும்மா. காலையில் சார் சொன்னது இவ்வளவுதான். வைகுந்தநாதன் சார், அவளுடைய ஆராய்ச்சிக்கு வழிகாட்டி, அந்தத் துறையிலேயே மெல்லப் பேசுகிற மனுஷர். கோபமாகச் சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை. காபியை ஆற்றிக்கொண்டே சொன்னார், அதில் விழுந்த எறும்பை எடுத்துப் போடச் சொல்கிற மாதிரி. கட்டுரையின் முதல் பக்கத்தில் மூன்று பெயர்கள் இருந்தன, முத்தரசி, ஜெபமணி, வைகுந்தநாதன். நடுவில் இருக்கிறவனை எடுத்துரு, அவன்தான் படிப்பைப் பாதியில விட்டுட்டுப் போயிட்டானே, அந்த இடத்தில் துறைத்தலைவர் பேரைப் போட்டுரு, மீட்டிங் முடிஞ்சு வர்றேன், இன்னைக்கே ஜர்னலுக்கு அனுப்பிடலாம். துறைத்தலைவரா! அந்த மனுஷர் ஜெபமணி செய்த அந்த ரப்பர்ச் சில்லைக் கண்ணால் கண்டதுண்டா? கையில் கொடுத்தால் எந்தப் பக்கம் மேல், எந்தப் பக்கம் கீழ் என்று தெரியுமா? அழிரப்பர் என்று நினைத்துப் பென்சில் கிறுக்கலை அழித்துப் பார்ப்பார். எடுத்துரு. எடுத்துருவதற்கு அது என்ன, சட்டையில் ஒட்டின நூலா? ஒரு ஆள். பேண்ட் முழங்காலில் எப்போதும் பச்சைச் சாயக் கறையோடு திரிந்த ஒரு முழு ஆள். அவளும் தலையாட்டினாள். அதுதான் வயிற்றெரிச்சல். இந்தத் தலை இருக்கிறதே, அவர் அறைக்குள் போனதும் அதுபாட்டுக்கு ஆடும். வெளியே வந்து நாலு எட்டு வைத்த பிறகுதான் கழுத்து அவளுடையதாகும். அதற்குள் ஆட வேண்டியது ஆடியிருக்கும்.

வேர்வை முதுகில் கோடு போட்டு இறங்கியது. மேலே மின்விசிறி சுற்றியது, ஆனால் அது காற்றைச் சுற்றவில்லை, சூட்டைத்தான் ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்குத் தள்ளிக்கொண்டிருந்தது. கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் பெரிய கணிப்பொறிகள் இருக்கிற அறை, அதற்கு மட்டும் ஏசி. எதிர் மேசையில் பர்வீன், மேலப்பாளையத்துக்காரி, பம்பு அதிர்வது பற்றி ஆராய்ச்சி செய்கிறவள், துப்பட்டா நுனியால் விசிறிக்கொண்டே சொன்னாள், "ஏளா முத்து, அடுத்த பிறவின்னு ஒண்ணு இருந்தா நான் அந்த சர்வர் மெஷினா பொறந்துக்கிடுதேன். குளுகுளுன்னு படுத்துக் கெடக்கலாம். சூடாச்சுன்னா சாரே ஓடி வந்து என்னம்மா ஆச்சுன்னு கேப்பாரு." முத்தரசி சிரிக்கவில்லை. "என்னளா மூஞ்சி இப்படி இருக்கு, யாரைக் கொல்லப் போற?" "யாரையும் இல்ல. ஒரு பேரைக் கொல்லச் சொல்லியிருக்காங்க." பர்வீன் துப்பட்டாவை நிறுத்தினாள். "ஜெபமணி அண்ணன் பேரா?" என்று கேட்டாள்.  அவளுக்கும் சார்தான் வழிகாட்டி. மறுபடி விசிற ஆரம்பித்தாள், கொஞ்சம் வேகமாக. இவளும் பேச மாட்டாள், முத்தரசி நினைத்தாள், நானும் அன்றைக்கு அவனுக்காகப் பேசவில்லை, இந்த அறையில் மின்விசிறியைத் தவிர எதுவும் சத்தம் போடாது. இதை நினைத்ததும் அன்றைக்கு அவள் சொன்ன இரண்டு சொல் நெஞ்சில் வந்து மோதியது. சரிதான் சார். அதைத் தள்ளிவிட்டுத் திரையைப் பார்த்தாள். பிழை எவ்வளவு என்று காட்டுகிற எண் இறங்கிக்கொண்டிருந்தது. கணக்கு இன்னும் கூடி வரவில்லை.

அப்படி என்ன கணக்கு என்று கேட்பீர்கள். பெரிய விஷயம்தான், ஆனால் புரியாத விஷயமில்லை. ரப்பர் மாதிரி இளகின, கண்ணாடி மாதிரித் தெளிவான ஒரு சில்லு, தீப்பெட்டி அளவு. அதற்குள்ளே தலைமயிர் தடிமனில் ஒரு வாய்க்கால். அதில் உப்புக் கலந்த நீர். அந்த வாய்க்காலில் நீரைத் தள்ள சாதாரணப் பம்பால் ஆகாது, அவ்வளவு சன்னம். ஆனால் இரண்டு முனையிலும் கம்பியை வைத்து மின்சாரம் கொடுத்தால் நீர் தானே நகரும். வாய்க்காலின் சுவரில் ஒரு மின்னூட்டம் ஒட்டிக்கொண்டிருக்கும், அதைச் சுற்றி நீரில் எதிர்ப்பக்கத்து மின்னூட்டம் கூடியிருக்கும், மின்சாரம் அதைப் பிடித்து இழுக்கும், அது மற்ற நீரையெல்லாம் கூட்டிக்கொண்டு போகும். ஒரு நாள் ஒரு சொட்டு ரத்தத்தை இதற்குள் விட்டு நோயைக் கண்டுபிடிக்கலாம் என்பது சாரின் கனவு. ஜெபமணி சில்லைச் செய்வான், பச்சைச் சாயத்தை ஓடவிட்டு நுண்ணோக்கியில் பார்த்து வேகத்தை அளப்பான். அந்த அளவு ஒவ்வொன்றும் வரைபடத்தில் ஒரு புள்ளி. முத்தரசி அதே வாய்க்காலைக் கம்ப்யூட்டருக்குள் கட்டி, குட்டிக் குட்டிக் கட்டமாக நறுக்கி, ஒவ்வொரு கட்டத்திலும் நீர் என்ன வேகத்தில் போகும் என்று கணக்குப் போடுவாள். அவள் கணக்கு ஒரு கோடு. கோடு புள்ளிகள் மேல் போனால் இரண்டு பேரும் பிழைத்தார்கள். போகாவிட்டால் யாரோ ஒருத்தர் தப்பு. யார் தப்பு என்று சொல்வது சார். அங்கேதான் எல்லாம் நாசமாகப் போனது, அவள் பல்லைக் கடித்தாள், கடித்த சத்தம் அவளுக்கே கேட்டது. கோட்டை யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். கோடு சுத்தமானது, கம்ப்யூட்டர் போட்டது, வளையாமல் நெளியாமல் நேராகப் போகும். புள்ளிதான் மனுஷன் போட்டது, வேர்த்த கையால் போட்டது.

மின்சாரத்தைக் குறைத்து வைத்தபோது கோடும் புள்ளியும் ஒட்டி நின்றன. கூட்டக் கூட்டப் புள்ளிகள் கோட்டை விட்டுவிட்டு மேலே போயின, கயிறு அறுந்த பட்டம் மாதிரி. அந்த ஆய்வுக்கூடத்தில் அதற்கு ஒரு பழக்கம் உண்டு. சுவர் மின்னூட்டம் என்று ஒரு எண் இருக்கிறதே, அதை யாரும் நேரடியாக அளக்க முடியாது, ஊகம்தான். அதனால் கோடு பொருந்தாவிட்டால் சார் சொல்வார், "சுவர் நம்பரைக் கொஞ்சம் தட்டும்மா." தட்டினால் கோடு ஏறும். இன்னும் கொஞ்சம் தட்டு. ஏறும். ஒவ்வொரு மின்னழுத்தத்துக்கும் ஒரு தட்டு. அவளுக்கு முன்னால் படித்தவர்களும் தட்டினார்கள், அவர்களுக்கு முன்னால் படித்தவர்களும் தட்டினார்கள், தட்டித் தட்டியே பட்டம் வாங்கி இன்று வேறு வேறு ஊரில் வேறு வேறு பிள்ளைகளைத் தட்டச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். ஒரே சுவர், ஒரே நீர், அதற்கு எப்படி ஐந்தாறு எண் இருக்கும் என்று ஒருத்தர் கேட்டாரா? அவள் கேட்டாளா? தட்டினாள். மளிகைக் கடைக்காரன் தராசைத் தட்டுகிற மாதிரி தட்டினாள். ஒரு கட்டத்துக்கு மேல் தட்டியும் எட்டவில்லை, புள்ளிகள் அவ்வளவு உயரத்தில் நின்றன. அன்றைக்குத்தான் சார் ஜெபமணியைக் கூப்பிட்டார். அவளையும் கூப்பிட்டார். உன் கையில் சுத்தமில்லப்பா, என்றார், அதே மெல்லிசான குரலில். சில்லை ஒழுங்கா ஒட்டுறதில்ல, எங்கயோ கசியுது, இல்லேன்னா கடிகாரத்தைச் சரியாப் பாக்கல. அவன் இல்ல சார், மூணு சில்லு மாத்திப் பாத்துட்டேன் சார், ஒரே மாதிரிதான் வருது, என்றான். சார் அவன் பக்கம் பார்க்காமல் இவள் பக்கம் திரும்பினார். உன் கணக்கு சரிதானேம்மா? சரிதான் சார். எவ்வளவு சீக்கிரம் வந்தது அந்தப் பதில். மூச்சு விடுகிற நேரம்கூட ஆகவில்லை. யாராவது கேட்க மாட்டார்களா என்று வாசலிலேயே காத்திருந்த பதில் மாதிரி வந்தது. ஜெபமணி அவளைத் திரும்பிப் பார்த்தான். கோபமாகப் பார்த்திருந்தால் இன்று இவ்வளவு எரியாது. ஓ, அப்படியா, என்கிற மாதிரிப் பார்த்தான். அவள் சரி என்று சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நம்பிவிட்ட பார்வை. தன் கையைத் திருப்பி உள்ளங்கையை ஒரு தரம் பார்த்துக்கொண்டான். அந்த உள்ளங்கையைத்தான் அவளால் இன்றுவரை அழிக்க முடியவில்லை.

அதுக்கப்புறம் அவன் வெகுநாள் நிற்கவில்லை. எத்தனை தரம் அளந்தாலும் புள்ளி அதே இடத்தில் விழுந்தது, எத்தனை தரம் விழுந்தாலும் திட்டு விழுந்தது. ஆய்வுக்கூடத்தில் எதைக் கொட்டினாலும் எதை உடைத்தாலும் ஜெபமணி கை பட்டிருக்கும் என்று பிள்ளைகள் கேலி பேசினார்கள், அவனே சேர்ந்து சிரித்தான். பிறகு ஒருநாள் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனான். சார் ஒன்று சொன்னார், போகிற போக்கில். அந்த ரீடிங்கையெல்லாம் அழிச்சிட்டுப் போப்பா, லேப் மெஷின்ல குப்பை வெச்சிருக்கக் கூடாது. அவன் அழித்தான். அழிப்பதற்கு முன்னால் ஒரு நகலை எடுத்து இவள் கையில் கொடுத்தான். "இந்தா முத்து. குப்பை வண்டி வந்தா போட்டுரு. எனக்குப் போட மனசு வரல." சிரித்துக்கொண்டே கொடுத்தான், பாவி மனுஷன், சிரித்துக்கொண்டே. இப்போது தூத்துக்குடியில் வீடுவீடாகப் போய்த் தண்ணீர் சுத்திகரிக்கிற மெஷினுக்கு வடிகட்டி மாற்றுகிறான். போன வாரம் அவள் போனில் பேசினபோது பின்னால் யாரோ ஒரு அம்மா சத்தம் போட்டாள், ஏம்ப்பா, தண்ணி சொட்டுச் சொட்டா வருது, நீ என்னத்த மாத்துன என்று. இரு முத்து, என்று சொல்லிவிட்டு அந்த அம்மாவிடம், "ஒரு நிமிசம்மா, காத்து அடைச்சிருக்கும், இப்ப வந்துரும்" என்றான். நாலு புத்தகத்தைக் கரைத்துக் குடித்தவன், குனிந்து அடைப்பு எடுக்கிறான். அது கேவலமான வேலை என்று யார் சொன்னார்கள், வேலையில் கேவலம் ஒன்றும் இல்லை, அவன் ஆசைப்பட்ட வேலை அது இல்லை, அதுதான். அவள் விஷயத்தைச் சொன்னாள். அண்ணே, உங்க புள்ளி எல்லாம் சரி. என் கோடுதான் தப்பு. அந்தப் பக்கம் குழாயை மூடுகிற சத்தம் கேட்டது. பிறகு, "எல்லாமா?" என்று கேட்டான். எல்லாம் அண்ணே, கடைசி ஒண்ணுதான் போட்டுப் பாக்கணும். கட்டுரை எழுதுதேன், உங்க பேரும் இருக்கும். அவன் ஏற்கெனவே விசாரித்து வைத்திருந்ததை மெல்லச் சொன்னான், ஒரு கட்டுரையில் பேர் வந்துவிட்டால் விட்ட படிப்பில் திரும்பச் சேர்ந்து முடிக்கக் கல்லூரியில் வழி இருக்கிறதாம், இந்த வருஷத்தோடு அந்த வழியும் அடைபடுகிறதாம். "பரவால்லளா, வந்தா வரட்டும்" என்றான். பரவாயில்லை என்று சொல்கிறவனுக்குக் குரல் ஏன் அப்படி நடுங்க வேண்டும். இன்று காலையில் அந்தப் பேரைத்தான் எடுத்துரும்மா. புள்ளி வேணும், புள்ளி வைத்தவன் வேண்டாம். அன்றைக்குக் குப்பை, இன்றைக்குக் கட்டுரைக்கு உயிர். உயிர் வேணும், உடம்பைத் தூக்கி வெளியே போடு. என்ன மனுஷர்கள். என்ன படிப்பு. காபி வேற.

அவளுக்குத் தெரிய வந்ததும் தன் புத்தியால் இல்லை, விரலால். அதை நினைத்தால் இன்னும் எரியும். வருஷக்கணக்காக அந்த வாய்க்காலைத் திரையில் நறுக்கினவள், சில்லை ஒருதரம்கூடத் தொட்டதில்லை. என்னத்துக்குத் தொட வேண்டும், அளவெல்லாம்தான் கையில் இருக்கிறதே. ஜெபமணி போன பிறகு ஒருநாள் ஆய்வேட்டுக்கு ஒரு படம் வேணும் என்று சில்லை எடுத்து வைத்து மின்சாரம் கொடுத்தாள். படம் எடுத்து முடித்து மின்சாரத்தை நிறுத்திவிட்டுச் சில்லை எடுக்கப் போனவளுக்கு விரல் சட்டென்று நின்றது. சுட்டது. பெரிய சூடு இல்லை, காய்ச்சல்காரப் பிள்ளை நெற்றிச் சூடு. தொட்டதை எடுக்காமல் அப்படியே நின்றாள். மின்சாரம் பாய்ந்தால் சூடு வரும், இஸ்திரிப் பெட்டி வைத்திருக்கிற யாருக்கும் தெரியும். அவளுக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் கணக்கில் அவள் முதல் நாள் எழுதின ஒரு வரி இருந்தது: சுவர் இருபத்தைந்து டிகிரி. எப்போதும் இருபத்தைந்து. எல்லோரும் அப்படித்தான் எழுதுவார்கள், அவளும் எழுதினாள், எழுதி மறந்தாள். வெளியே தார் உருகுகிற வெயில் அடித்தாலும் அவளுடைய சுவர் இருபத்தைந்தில் குளுகுளுவென்று இருந்தது. நிஜச் சில்லு ரப்பர். உள்ளே பிறந்த சூட்டை வெளியே விடாது, கம்பளி போர்த்தின மாதிரிப் பிடித்து வைத்துக்கொள்ளும். சூடானால் நீர் இளகும். இளகினால் வேகமாக ஓடும். சூடான நீரில் மின்சாரமும் கூடப் பாயும், கூடப் பாய்ந்தால் இன்னும் சூடு, இன்னும் இளகல், இன்னும் ஓட்டம். ஜெபமணியின் புள்ளிகள் ஏன் மேலே பறந்தன என்றால் அவை பறக்க வேண்டியவை. அவன் கை சுத்தம். அவன் கண் சுத்தம். சுத்தமில்லாமல் இருந்தது அவளுடைய ஒரு வரி. அந்த வரியை எடுத்துவிட்டுச் சூட்டையும் கணக்கில் சேர்த்தாள். முதலில் கணக்கு தறிகெட்டு ஓடியது, எண்கள் பெருத்துப் பெருத்து வெடித்தன, நீர் கொதிக்கிற சூட்டையும் தாண்டி எங்கேயோ போய் நின்றது. பிறகு மின்சாரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றப் பழகினாள், அடம்பிடிக்கிற பிள்ளைக்கு ஒவ்வொரு வாயாக ஊட்டுகிற மாதிரி, ஒரு வாய் இறங்கின பிறகுதான் அடுத்த வாய். ஒருநாள் கோடு வளைந்து எழுந்தது. எழுந்து, ஒவ்வொரு புள்ளியாகத் தொட்டுக்கொண்டு போனது. சுவர் நம்பரை ஒரே ஒரு தரம் வைத்தாள், தட்டவே இல்லை. அவள் அழுதாள். சந்தோஷத்தில் என்று பர்வீன் நினைத்துக்கொண்டாள்.

இப்போது திரையில் ஓடுவது கடைசிக் கணக்கு, எல்லாவற்றிலும் அதிக மின்சாரம். இதுவும் பொருந்திவிட்டால் கட்டுரை முடிந்தது. சார் வருவார், பார்ப்பார், மெல்லிசாகச் சிரிப்பார். இந்தச் சூட்டை நான் அப்பவே சந்தேகப்பட்டேன்மா என்றுகூடச் சொல்வார், சொன்னாலும் சொல்வார், அவருக்கு அந்த வாய் உண்டு. அவள் என்ன செய்யலாம்? பேரை எடுக்காமல் ரகசியமாக அனுப்பிவிடலாமா? அனுப்புகிற பொத்தானை அவர்தான் அமுக்குவார். சண்டை போடலாமா? போட்டால் என்ன நடக்கும் என்று அவளுக்குத் தெரியும், ஒன்றுமே நடக்காது, அதுதான் பயம். அவர் கத்த மாட்டார். அவளுடைய ஆய்வேட்டை மேசையின் இடது பக்கத்தில் வைப்பார். இடது பக்கத்தில் வைத்தது வலது பக்கத்துக்கு வர மழைக்காலம் ஆகும், அடுத்த வெயில் ஆகும், பார்க்கிறேம்மா, பார்க்கிறேம்மா. வீட்டில் அம்மா தினம் கேட்கிற கேள்வி, "இன்னும் எத்தனை நாளைக்குத்தான் அந்த டிவியப் பாத்துக்கிட்டே இருப்ப?" அம்மாவுக்குக் கம்ப்யூட்டரும் டிவிதான். அம்மா, இந்த டிவியில் ஒரு ஆளைக் கொன்றோம், நானும் சாரும் சேர்ந்து கொன்றோம், இப்போது ஆள் பிழைத்து எழுந்து வருகிறான், மறுபடி கழுத்தைப் பிடி என்கிறார். பயமாக இருந்தது. பயம் வயிற்றில் குளிர்ச்சியாக இருந்தது, அந்த வெக்கையிலும். ஆனால் அந்தக் குளிர்ச்சியைச் சுற்றிக் கோபம் காய்ந்துகொண்டே இருந்தது, காய்ந்த கோபம் பயத்தை இளக்கியது, பயம் இளக இளக நினைப்பு வேகமாக ஓடியது, ஓட ஓட இன்னும் காய்ந்தது. சார் மேல் கோபம், துறைத்தலைவர் மேல் கோபம், விசிறிக்கொண்டிருக்கிற பர்வீன் மேல்கூட, பரவால்லளா என்று சொன்ன ஜெபமணி மேலே எல்லோரையும் விட அதிகமாக. ஏன் பரவாயில்லை? எதற்காகப் பரவாயில்லை? அன்றைக்கு மேசையைத் தட்டி, இவ கணக்குத்தான் தப்பு சார் என்று நீ ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என்ன? சொல்லியிருந்தால் நம்பியிருப்பாளா? மாட்டாள். அவளே நம்பியிருக்க மாட்டாள். சரிதான் சார். சரிதான் சார். மறுபடி அங்கேயே வந்து நின்றாள், செக்கு மாடு மாதிரி.

எண் இறங்கி நின்றது. கணக்கு கூடிவிட்டது. கோட்டை வரைந்தாள், கடைசிப் புள்ளியின் நெஞ்சில் போய் நின்றது கோடு, வலமும் இல்லை, இடமும் இல்லை. அவள் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பேரை எடு. சரி. பேர் என்ன வெறும் எழுத்தா? பேரை எடுத்தால் எது எது போகும்? பச்சைக் கறை போகும், வேர்த்த கை போகும், ஒட்டினதும் உடைந்ததும் போகும், இந்தப் புள்ளி? இந்தப் புள்ளி மட்டும் எப்படி நிற்கும், யார் வைத்ததென்று கேட்டால் எதைச் சொல்லி நிற்கும்? நினைப்பு இவ்வளவு நேரம் சுற்றினதை விட்டுவிட்டு ஒரு இடத்தில் நின்றது. அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். கை வேலை செய்யத் தொடங்கியது. போனில் ஒரு செய்தி போனது: அண்ணே, உங்க சாமானை உங்களுக்கே அனுப்பியிருக்கேன், பத்திரமா வெச்சுக்கோங்க. கொஞ்சத்தில் பதில் வந்தது: வந்திருச்சு, என்ன விசயம்? அவள் எழுதினாள்: போன் அடிச்சா எடுங்க, மெஷினுக்குள்ள தலைய விட்டுக்கிட்டு இருக்காதீங்க. பிறகு திரைப் பக்கம் திரும்பினாள். பர்வீன் எட்டிப் பார்த்தாள், பார்த்தவள் வாயைக் கையால் மூடிக்கொண்டாள். "ஏளா, கிறுக்குப் பிடிச்சிருச்சா ஒனக்கு?" முத்தரசி கட்டுரையைச் சேமித்தாள்.

சார் வந்தார். முகத்தைக் கைக்குட்டையால் ஒற்றிக்கொண்டே வந்து அவள் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"முடிஞ்சுதாம்மா?"

"முடிஞ்சுது சார். கடைசிக் கணக்கும் கூடிருச்சு."

"பேரு?"

"எடுத்துட்டேன் சார். துறைத்தலைவர் பேரையும் போட்டுட்டேன்."

"குட்." மௌஸை வாங்கி ஒவ்வொரு பக்கமாக நகர்த்தினார். படம் வந்தது. நிறுத்தினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். வெள்ளைத் தாளில் ஒரே ஒரு கோடு, துணி காயப் போடாத கொடி மாதிரி. "என்னம்மா இது, புள்ளியெல்லாம் எங்க?"

"அது ஜெபமணி அண்ணன் அளந்தது சார். அவர் பேரை எடுக்கச் சொன்னீங்க. அவர் அளந்ததும் அவரோட போயிருச்சு."

"விளையாடாதே. திருப்பிப் போடு."

"எங்கிட்ட இல்ல சார். அவருக்கே அனுப்பிட்டு இங்க அழிச்சிட்டேன். அதைக் குப்பைன்னு அழிக்கச் சொன்னதும் நீங்கதானே சார்."

மின்விசிறி சுற்றியது. அவள் தலை ஆடவில்லை, அதை அவளே ஆச்சரியமாகக் கவனித்தாள்.

"வெறுங்கோட்டை அனுப்பினா எவன் ஏத்துப்பான்?"

"யாரும் ஏத்துக்க மாட்டாங்க சார்."

"உன் தீசிஸும் இதுலதான் தொங்குது, ஞாபகம் இருக்கா?"

"இருக்கு சார்." குரல் உடைந்தது. உடைந்தால் உடையட்டும் என்று விட்டாள். "நான் கோடு. அவர் புள்ளி. எது இல்லேன்னாலும் நீங்க இன்னைக்கு அனுப்ப முடியாது சார்."

சார் அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பர்வீன் விசிறுவதை நிறுத்திவிட்டு, முதல் தரமாக, நிமிர்ந்து சாரைப் பார்த்தாள். "சரி," என்றார் அவர் கடைசியில், மெல்லிசாக, "அவன்கிட்ட நீயே கேட்டு வாங்கும்மா."

"நான் கேக்க மாட்டேன் சார்."

முத்தரசி போனை எடுத்தாள். எண்ணை அமுக்கினாள், சத்தம் வெளியே கேட்கிற மாதிரி வைத்தாள். அந்தப் பக்கம் மணி அடித்தது, அடித்தது, பிறகு தண்ணீர் கொட்டுகிற சத்தத்துக்கு நடுவில் ஜெபமணியின் குரல், "சொல்லு முத்து" என்றது.  அவள் போனை மேசையில் சாருக்கு முன்னால் தள்ளி வைத்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டாள்.